சர்வீஸ் முடிவதற்குள் ஒரு டிகிரி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஜூலை கடைசி வரைக்கும் எங்கள் அட்சயா இ-சேவை சென்டரில் உட்கார இடம் கிடைக்காது. டிகிரி அலாட்மென்ட், பாலிடெக்னிக் விண்ணப்பம், வருமானச் சர்டிபிகேட், சாதிச் சர்டிபிகேட், ஸ்காலர்ஷிப், பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாமே இந்தக் கம்ப்யூட்டர்கள் வழியாகத்தான் போக வேண்டும். கொழிஞ்சாம்பாறைச் சுற்றுவட்டாரத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பாவோ அம்மாவோ, நான் ஆதார் நம்பரை அடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்பார்கள்: "ஏனுங்க அக்கா, இதெல்லாம் படிச்சு ஏதாச்சும் ஆகுமுங்களா? இல்ல இப்பவே வேலைக்கு அனுப்பிரட்டுங்களா?"

பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள். ஒரு வரியில் ஏதாவது சொல்லி அனுப்பத்தான் அப்போது முடியும். இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

நான் பிறந்தது மூணாறு மலையில், ஒரு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா ஃபேக்டரியில் இருந்தார். மூணாறு அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் முடித்தேன். கல்யாணமாகிச் சித்தூர் தாலுகாவுக்கு, இந்தக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தேன். ஆகவே இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பக்கமும், பாலக்காட்டில் சித்தூர்ப் பக்கமும் இரண்டுமே எனக்குச் சொந்த ஊர்தான். 1956 நவம்பர் 1-இல் மாநிலம் பிரித்தபோது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுபோன தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். படிப்பு விஷயத்தில் அந்தக் கோடு இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளின் காலில் தட்டிக்கொண்டே இருக்கிறது.

என் பதில் இதுதான். டிகிரிக்குப் பலன் உண்டு. ஆனால் அது வர நாளாகும். அந்த நாள்வரைக்கும் குடும்பத்தைத் தாங்க யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் படிப்பு, எங்கே, எப்போது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

டிகிரி வேண்டாம் என்பவர்களின் கணக்கை நான் லேசாக நினைக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் 2022-23 புள்ளிவிவரப்படி, கேரள கிராமப்புறத்தில் கட்டட வேலைக்குப் போகும் ஓர் ஆணின் சராசரி நாள் கூலி 852 ரூபாய். இந்தியச் சராசரி 393. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால், தமிழ்நாட்டுச் சராசரி 500 ரூபாய். மாதம் 20 நாள் வேலை இருந்தாலே கையில் 17,000. எங்கள் ஊரில் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் பத்தாயிரம் ரூபாய்க்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். பி.காம். முடித்துப் பொள்ளாச்சி ஜவுளிக்கடையில் பில் போடும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பத்தாவது படித்துவிட்டு டைல்ஸ் ஒட்டப் போனவன் சொந்தமாக பைக் வாங்கி, தங்கச்சி கல்யாணத்தையும் முடித்துவிட்டான். இதைக் கண்ணால் பார்க்கும் ஒரு தகப்பனிடம் போய் கல்வியின் பெருமையைப் பேச முடியாது.

புள்ளிவிவரமும் அந்தத் தகப்பன் பக்கம்தான் பேசுகிறது. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2023-24-க்கு, 15 முதல் 29 வயதுக்குள் வேலை தேடிக் கிடைக்காதவர்கள் கேரளத்தில் 29.9 சதவீதம். மாநிலங்களிலேயே அதுதான் அதிகம். நாடு முழுவதற்கும் 10.2. நாம் படித்த மாநிலம், எல்லோருக்கும் தெரியும். படித்துவிட்டுக் காத்திருக்கும் மாநிலமும் நாம்தான்.

ஆனால் அந்த 852 ரூபாய் ஓர் ஆணின் கூலி. கட்டட வேலைக்குப் போகும் ஓர் ஆண், அதுவும் முதுகு ஒத்துழைக்கிற வயதில். டிகிரி வேண்டாம் என்று யார் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாலும், மகனை மட்டும் வைத்தே போடுகிறார்கள். மகளுக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூவோடு நின்ற பெண்ணுக்கு எஸ்டேட்டில் கொழுந்து இருக்கிறது, திருப்பூரில் பனியன் கம்பெனி இருக்கிறது, கோயம்புத்தூரில் மில் ஹாஸ்டல் இருக்கிறது, இல்லாவிட்டால் 19 வயதில் கல்யாணம். இவற்றில் எதிலும் அவளுக்கு 852 ரூபாய் தருகிறவர் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அந்தப் பெம்பிளை ஒருமைப் போராட்டம் தொடங்கும்போது கொழுந்தெடுப்பவரின் நாள் கூலி 232 ரூபாய். அவர்கள் 500 கேட்டார்கள். கடைசியில் முடிவானது 301. போனஸும் கேட்டிருந்தார்கள், அதில் ஜெயித்தார்கள்; கூலியில் கால் வழிதான் வர முடிந்தது. கொழுந்துக்கூடையோடு நின்ற அந்தப் பெண்கள் பலரும் பேசியது பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பற்றித்தான். தன் மகள் இந்தக் கூடையைத் தூக்கக் கூடாது என்பது மலையில் எல்லா அம்மாக்களுக்கும் ஒரே பிடிவாதம்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. ஃபீஸ் அதில் ஒரு சின்ன பாகம்தான். பெரிய விலை லயம்.

மலையை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்தது. நல்ல சட்டம். ஆனால் வீடு வேலையோடு சேர்ந்தது. சர்வீஸ் முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் எஸ்டேட்டில் பேர் பதிந்தால் மட்டுமே அதே கூரைக்குக் கீழே இருக்கலாம். மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்தாலும் ஒரு சென்ட் மண் நம் பேரில் இருக்காது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் போனார்களே, அப்போதுதான் வெளியுலகம் கேட்டது: இவர்களுக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகும் சொந்த வீடு ஏன் இல்லை என்று. பதில் இதுதான்.

ஆக, மகனோ மகளோ டிகிரி முடித்துவிட்டு எர்ணாகுளத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போனால், லயத்துக்கு அடுத்த பேர் பதிய ஆள் இல்லை. படித்த பிள்ளை கொழுந்தெடுக்கத் திரும்பி வராது, வரவும் கூடாது. அதற்காகத்தானே படிக்க வைத்தோம். ஆனால் அம்மாவின் சர்வீஸ் முடிகிற வருடம் பிள்ளையின் வேலைக்காகக் காத்திருக்காது. 20 வயதுக்குள் பிள்ளை பெற்ற அம்மா என்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கும். கடைசிப் பிள்ளை என்றால் அதுவும் இல்லை.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கையில் இதைப் புரிந்துகொள்ள உதவும் ஓர் எண் இருக்கிறது. 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலையில்லாதவர்கள் 42 சதவீதம். 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் அது 5 சதவீதத்துக்கும் கீழே. முதல் எண்ணை எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள், இரண்டாவது எண்ணை யாரும் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் டிகிரிக்காரர்களுக்குக் கடைசியில் ஏதோ ஒரு வேலை அமைகிறது என்று தெரிகிறது, இடையில் பத்து வருடம் போகிறது என்றும் தெரிகிறது. எஸ்டேட் குடும்பத்திடம் அந்தப் பத்து வருடம் இல்லை.

இந்த இடத்தில் பாலக்காட்டுக்கு வருகிறேன். டிகிரியால் உயர்ந்தவர்கள் என்று பேச்சு எடுத்தால் இந்த மாவட்டத்தில் முதலில் சொல்வது அக்ரஹாரத்துத் தமிழர்களைத்தான். டி.என். சேஷன் 1932-இல் திருநெல்லாயில் பிறந்தவர். பி.இ.எம். ஸ்கூல், விக்டோரியா கல்லூரியில் இன்டர்மீடியட், பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, அப்புறம் ஐ.ஏ.எஸ்., கடைசியில் தலைமைத் தேர்தல் ஆணையர். அவருடைய அறிவையும் உழைப்பையும் நான் குறைக்கவில்லை. அப்பா வக்கீல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன். அவர் ஒருவர் கதை மட்டுமல்ல. கல்பாத்தி போன்ற கிராமங்களிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறிய தலைமுறைக்கு டிகிரியோடு டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் இருந்தது. அதற்கும் மேலே, அங்கே மாட்டுங்காவில் ஒரு சித்தப்பாவோ அத்திம்பேரோ இருந்தார். வேலை கிடைக்கும்வரை அவர் வீட்டில் படுத்துக்கொள்ளலாம், ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லி வைக்க ஆள் உண்டு. காத்திருக்கும் காலத்தை உறவு தாங்கியது. இதே மாவட்டத்தில், இதே தமிழ் பேசிக்கொண்டு, கள்ளுக்குத் தென்னை ஏறியவர்களுக்கும் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கும் மாட்டுங்காவில் யாரும் இல்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் நம் மாவட்டத்தில் இருக்கிறது. எம்.எஸ். விஸ்வநாதன் எலப்புள்ளியில் பிறந்தவர், எந்தக் காலேஜுக்கும் போகாதவர். எம்.எஸ்.வி. டிகிரி படித்தாரா என்று என்னிடம் கேட்ட அப்பாக்கள் உண்டு. அந்த மாதிரி ஒரு காது நூறு வருடத்தில் எத்தனை பேருக்கு அமையும்? அவரை வைத்து நம் பிள்ளையின் படிப்பை முடிவு செய்யக் கூடாது, சேஷனை வைத்தும் முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் சர்டிபிகேட். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், ஏனென்றால் தினமும் பார்க்கிறேன்.

எஸ்.சி. குடும்பத்துப் பிள்ளைக்குச் சாதிச் சான்று கையில் இருந்தால் இ-கிராண்ட்ஸ் வழியாகக் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கும், உதவித்தொகை வரும், பி.எஸ்.சி.யில் இட ஒதுக்கீடு உண்டு. காத்திருக்கும் காலத்தைப் பாதியாகக் குறைக்கும் காகிதம் அது. ஆனால் தோட்டத்துத் தமிழர்கள் என்றால் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த ஜனாதிபதி உத்தரவுக்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்தார்கள் என்று காட்டச் சொல்கிறார்கள். கொள்ளுத்தாத்தா திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ கங்காணியோடு மலையேறி வந்தவர். அவருக்கு ஏது பத்திரம்? எஸ்டேட்டின் பழைய செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், பேர் இருக்கலாம், ஆங்கிலத்தில், துரை காதில் விழுந்த மாதிரி எழுதியிருக்கும். ஸ்கூல் ரிஜிஸ்டரில் வேறு எழுத்து. ரேஷன் கார்டில் இன்னொரு எழுத்து. வில்லேஜ் ஆபீசர் மூன்றையும் வைத்துக்கொண்டு இது ஒரே ஆள்தானா என்று கேட்பார்.

இது சாதாரண ஆட்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். தேவிகுளம் தனித் தொகுதியிலிருந்து 2021-இல் எம்.எல்.ஏ.வாகிச் சட்டசபையில் தமிழில் பதவியேற்றவர் ஏ. ராஜா; அவருடைய தேர்தலையே கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. அவர் எந்த மதத்தவர் என்பதும், அவருடைய முன்னோர் 1950-க்கு முன்பே இங்கு வந்தவர்களா என்பதும் வழக்கில் கேள்வி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அவர் பக்கம் சொன்னது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கே தாத்தா வந்த வருடத்தை நிரூபிக்க டில்லி வரை போக வேண்டியிருந்தது. கொழுந்தெடுக்கும் அம்மா தன் மகளின் அட்மிஷன் கடைசித் தேதிக்கு முன்னால் அதை எப்படி நிரூபிப்பார்? சான்று வரவில்லை என்றால் சீட் இருந்தும் ஃபீஸ் கட்ட வேண்டும். அந்த ஃபீஸுக்காகவே சேராமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சரி, கோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டில் படிக்கலாமே என்பார்கள். போகிறார்கள். மறையூர்ப் பிள்ளைகள் உடுமலைக்கும், பூப்பாறைப் பிள்ளைகள் போடிக்கும், குமுளிப் பிள்ளைகள் கம்பம், உத்தமபாளையத்துக்கும், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பொள்ளாச்சி, கோயம்புத்தூருக்கும். பாஷை ஒட்டுகிறது, பஸ் இருக்கிறது. ஆனால் 2010 முதல் தமிழ்நாட்டில் இருக்கும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை நமக்கு இல்லை. 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே அரசுப் பள்ளியிலோ, தமிழ் வழியில் அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்த பெண்களுக்கு. நாம் அங்கே போனால் கேரளாக்காரர், இங்கே இருந்தால் தமிழர். சர்டிபிகேட் இங்கேயும் அங்கேயும் அரைகுறையாகவே நிற்கிறது.

அங்கே போகும்போது மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் தனியார் பொறியியல் கல்லூரி. பாலக்காடு ரோட்டில் வரிசையாக போர்டு தெரியும். ஏஜென்ட் வீட்டுக்கே வருவார். தமிழ்நாட்டில் கட்டணக் குழு 2017-இல் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு நிர்ணயித்தது வருடம் 85,000 முதல் 87,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு மூன்றரை லட்சம் சுற்றி, ஹாஸ்டல் தனி. இப்போது எஸ்டேட்டுக்குப் போவோம். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஜுவிட்டி விதிப்படி சர்வீஸ் செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி. 35 வருடம் கொழுந்தெடுத்த பெண்ணுக்கு 2,10,000 ரூபாய். ஓர் ஆயுளின் உழைப்பு ஒரு மகனின் இன்ஜினியரிங் டியூஷன் ஃபீஸுக்கு எட்டவில்லை. பேங்க் லோன் 4 லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும், அதற்கு மேலே போனால் சொத்து கேட்கும் பேங்குகள் உண்டு. லயத்துக்காரருக்கு ஏது பட்டா? அந்த 4 லட்சமும் கடன்தான், வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும்.

நான் இதைக் கோபமாகவே சொல்கிறேன். நான்காம் வருடத்தில் அரியரோடு திரும்பி வந்து, லோன் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு பி.எஸ்.சி. கிளார்க் தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் பையனைப் பார்க்க எனக்கு மனசு ஆறாது. அந்தத் தேர்வுக்குத் தகுதி எஸ்.எஸ்.எல்.சி. மட்டும்தான்.

பி.எஸ்.சி. என்றதும் இன்னொன்று. கேரளத்தில் லாஸ்ட் கிரேடு சர்வன்ட் தேர்வுக்கு ஏழாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், ஆனால் டிகிரி முடித்திருக்கக் கூடாது. குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு வாசலாவது இருக்கட்டும் என்று வைத்த விதி, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. உச்ச நீதிமன்றமும் 2020-இல் ஒரு வங்கிப் பியூன் வழக்கில், டிகிரியை மறைத்துச் சேர்ந்தவருக்கு வேலை இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் இதன் விளைவு என்ன? கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு பேப்பரை எழுதாமல் விட்டுவிட்டு வரும் பையன்கள். "பாஸ் பண்ணுனா இது போயிருமுங்க அக்கா" என்கிறார்கள். மூன்று வருடம் படித்த படிப்பை முடிக்காமல் நிறுத்தி வைத்துக்கொண்டு, இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறார்கள். 2024 முதல் டிகிரியே நான்கு வருடம் ஆகிவிட்டது. மூன்று வருடத்தில் வெளியே வரவும் வழி உண்டு. எந்த வாசலில் நிற்பது என்பதைச் சேரும்போதே யோசித்தால், இப்படிக் கடைசிப் பேப்பரில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் என்னதான் படிக்கச் சொல்கிறாய் என்று கேட்டால், முதலில் வீட்டில் சம்பாதிப்பவருக்கு இன்னும் எத்தனை வருடம் சர்வீஸ் என்று கேட்பேன். ஐந்து வருடத்துக்குள் என்றால் டிப்ளமோதான். மலையில் வண்டிப்பெரியாறு அரசு பாலிடெக்னிக், இந்தப் பக்கம் பாலக்காடு கொடும்பில் இருக்கும் அரசு பாலிடெக்னிக், இரண்டிலும் மூன்று வருடம், அரசுக் கட்டணம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த உடனே சேர்ந்தால் 19 வயதில் கையில் தொழில். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகள் எங்கள் வாசலில் இருக்கின்றன, கோயம்புத்தூர்ப் பட்டறைகள் பக்கத்தில் இருக்கின்றன. முக்கியமாக, கதவு மூடுவதில்லை. டிப்ளமோக்காரர் பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.டெக். இரண்டாம் வருடத்தில் சேரலாம். சம்பளம் முதலில், பட்டம் பிறகு. இந்த வரிசை நம் குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிக்க ஐ.டி.ஐ. இருக்கிறது. அதைத் தோற்றவர்களின் இடமாகப் பார்க்கும் புத்தியை நம் வாத்தியார்கள் முதலில் விட வேண்டும்.

பத்து வருடம் அவகாசம் இருக்கிறது, பிள்ளைக்கும் படிப்பில் மனசு இருக்கிறது என்றால் டிகிரிதான், தயங்கவே வேண்டாம், ஆனால் அரசுக் கல்லூரியில். 1947-இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரி இருக்கிறது, கொழிஞ்சாம்பாறையிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி வந்துவிட்டது. பி.ஏ. தமிழை ஏளனமாகப் பார்ப்பவர்களிடம் நான் சண்டையே போடுவேன். பி.ஏ., பி.எட்., கே-டெட் தகுதித் தேர்வு முடித்தால் ஹைஸ்கூல் தமிழ் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு வருட டி.எல்.எட்.டும் கே-டெட்டும் முடித்தால் இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழும் மலையாளமும் தெரிந்த எல்.டி. கிளார்க் என்று பி.எஸ்.சி.யில் தனிப் பிரிவே இருக்கிறது. இடங்கள் கொஞ்சம், அறிவிப்பும் அடிக்கடி வராது. ஆனால் போட்டிக்கு வருபவர்களும் கொஞ்சம். கேரளம் முழுக்க மோதும் தேர்வுகளோடு ஒப்பிட்டால் இந்த வரிசை எவ்வளவு சின்னது என்பதை ரேங்க் லிஸ்டைப் பார்க்கும் எனக்குத் தெரியும்.

அந்தப் பிரிவின் பேரில் மலையாளமும் இருப்பதைக் கவனியுங்கள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை மலையாளம் பேசிவிடும், எழுதத் தெரியாது. பேசத் தெரிந்தால் போதும் என்று நாம் விட்டுவிடுகிறோம். வில்லேஜ் ஆபீஸ் கடிதமும் கோர்ட் நோட்டீஸும் ஹாஸ்பிடல் சீட்டும் மலையாளத்தில் வருகின்றன. ஒரு பிள்ளை எட்டாம் வகுப்பிலிருந்து தினமும் அரைமணி நேரம் ஒரு மலையாளப் பத்திரிகையைப் படித்து, பார்த்து எழுதினால் பத்தாவதுக்குள் கை பழகிவிடும். தாய்மொழியை விடச் சொல்லவில்லை. நான் தமிழ் படித்தவள், என் பிள்ளைகளும் தமிழ் மீடியத்தில்தான் படிக்கிறார்கள். இங்கே நமக்கு இரண்டு மொழி எழுத்தும் வேண்டும்.

பெண்களுக்கு நர்சிங்கையும் சொல்வேன். இடத்துக்குப் போட்டி அதிகம், தனியாரில் ஃபீஸும் அதிகம், ஆனால் வெளிநாட்டிலும் கதவு திறந்திருக்கும் படிப்பு அது. கேரள அரசின் நோர்க்கா வழியாக ஜெர்மனிக்குப் போகிறார்கள், ஜெர்மன் மொழி பி-1 நிலைவரை படிக்க வேண்டும். தமிழும் மலையாளமும் கொஞ்சம் ஆங்கிலமுமாக வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு நான்காவது மொழி ஒரு பயமே இல்லை.

சம்பளத்தை வைத்து மட்டுமே நான் இதைப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பி.ஏ.வுக்கும் நான் செய்யும் இந்த வேலைக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆனால் மூணாறு கல்லூரிக்குப் போன அந்த வருடங்களில்தான் ஓர் ஆபீசில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து பேசப் பழகினேன். எங்கள் லயத்தில் ஃபீல்டு ஆபீசர் வந்தால் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நிற்பார்கள். என் அம்மாவும் நின்றவர்தான். ஒரு அரசு உத்தரவை எடுத்து, நம்பரும் தேதியும் பார்த்து, இதில் இப்படி இருக்கிறதே, நீங்கள் ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிற குரல் எனக்கு அங்கேதான் வந்தது. அதற்கு எந்தக் கணக்கெடுப்பிலும் எண் இல்லை. இருந்தாலும் ஒரு பெண்பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பலாமா என்று யார் கேட்டாலும், கடன் வாங்காமல் அனுப்ப முடியுமென்றால் அனுப்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐ.ஐ.டி.யைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-இல் பாலக்காடு ஐ.ஐ.டி. முதலில் தொடங்கியது எங்கள் பக்கத்துக் கொழிப்பாறையில், அகல்யா வளாகத்தில். பிறகுதான் கஞ்சிக்கோடு நிளா வளாகத்துக்குப் போனது. கொழிப்பாறை தமிழ் பேசும் ஊர். எங்கள் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸில் அந்த போர்டைப் பார்த்துக்கொண்டே போனார்கள். உள்ளே போக ஜே.இ.இ. என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தயாராக வேண்டும் என்று அவர்களிடம் சொல்ல ஸ்கூலிலும் ஆள் இல்லை, வீட்டிலும் ஆள் இல்லை. அக்ரஹாரத்துப் பையனுக்கு அந்தச் சித்தப்பா இருந்தாரே, அவர் செய்த முக்கியமான வேலையே இதுதான்: என்ன படிப்பு இருக்கிறது, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று நேரத்தில் சொல்வது. தமிழ் மீடியம் ஸ்கூல் ஒவ்வொன்றிலும் ஒரு முன்னாள் மாணவர், வருடத்தில் ஒரு நாள் போய் ஒன்பதாம் வகுப்புக்கு இதைச் சொன்னால் போதும். எங்கள் ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து இதைத் தொடங்கியிருக்கிறோம்.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டடம் போனது. நான் படித்த வகுப்பறைகள் அவை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் இரவல் கட்டடங்களில் வகுப்பு நடந்தது. வட்டவடையிலிருந்தும் சின்னக்கானலிலிருந்தும் வரும் பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஹாஸ்டலோடு அந்தக் கல்லூரி எழுந்து நின்றால், மலையில் பாதிப் பேரின் கேள்வி அங்கேயே தீரும். அதோடு, காலேஜில் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்வரை சர்வீஸ் முடிந்த தொழிலாளியை லயத்திலிருந்து எழுப்பக் கூடாது என்று ஒரு வரியைத் தோட்ட விதிகளில் சேர்க்க வேண்டும். கூலி உயர்த்தச் சொல்லும் சங்கங்கள் இதையும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டும். கம்பெனிக்கு இதனால் வரும் செலவு பழைய லயங்களின் ஒரு சில அறைகள்தான்.

எட்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கிறவர்கள் இந்த வருடமே ஒன்று செய்யுங்கள். எஸ்டேட் ஆபீசில் தாத்தா, கொள்ளுத்தாத்தா பேருள்ள செக்ரோல் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். பழைய ஸ்கூல் ரிஜிஸ்டர் நகல், பழைய ரேஷன் கார்டு, கல்லறைப் பதிவு, எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். பேரில் எழுத்து மாறியிருந்தால் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீசில் சான்று கேளுங்கள், அதற்கே பல மாதம் ஆகலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. வாங்க மறுத்தால் தேதி போட்ட ரசீது கேளுங்கள், இல்லையென்றால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.